டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடரலாமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் கணவருக்கு வயது 46, மளிகைக்கடை வைத்திருக்கிறோம். ஆறு வருடமாக சுகர் இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. இடுப்பில் ஜவ்வு விலகி வலது காலுக்கு வலி இறங்கியதால் 19 நாட்களுக்கு முன்பு எண்டோஸ்கோப்பியில் ஆபரேஷன் செய்தார்கள். பக்கவாட்டில் ஒரே ஒரு சின்ன ஓட்டை, அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால் வலி அன்றைக்கே போய்விட்டது. ஐந்து நாளைக்கு ஒரு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அப்போது சுகர் 300-ஐத் தாண்டியது. மாத்திரை முடிந்து மூன்று நான்கு நாளில் முழங்காலுக்குக் கீழே எரிச்சல் ஆரம்பித்தது. வேட்டி உரசினாலே எரிகிறது என்கிறார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மாத்திரையை வாங்கிவந்து மூன்று நாளாகச் சாப்பிடுகிறார், நன்றாகக் கேட்கிறது. ஆனால் என் தம்பி ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும் என்று பயமுறுத்துகிறான். ஆபரேஷன் செய்தும் வலி ஏன் வந்தது? இந்த மாத்திரையைத் தொடரலாமா? — ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்:

சகோதரி, மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை இனி போட வேண்டாம். நாளை காலை ஆபரேஷன் செய்த டாக்டருக்கு போன் செய்து, இரண்டாவது தடவையாக மூன்று நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லி, நேரில் போய்க் காட்டுங்கள். மூன்று நாள் சாப்பிட்டதை நிறுத்தப் பொதுவாகப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் முதல் கோர்ஸையும் சேர்த்து மொத்தம் எட்டு நாள் ஆகிறது, அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதற்கும் முன்னால், இப்போதே கணவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சிறுநீர் வழக்கம்போல் போகிறதா, முக்கி முக்கிப் போக வேண்டியிருக்கிறதா? ஆசனவாயைச் சுற்றி, தொடை இடுக்கில், கழுவும்போது தொடுவது தெரிகிறதா, மரத்துப்போயிருக்கிறதா? நடக்கும்போது வலது கால் செருப்பு தெரியாமல் நழுவிப் போகிறதா? கூச்சப்படாமல் கேளுங்கள், குதிகாலில் நாலு அடி நடக்கவும் சொல்லுங்கள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் நாளை வரைக்கும் காத்திருக்கக் கூடாது, இன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்பு நசுங்குவதன் அடையாளம் அது, அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

அதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஆபரேஷன் செய்தும் வலி ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் காலுக்கு வலி இறங்குகிறது என்பதை அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் 1934-ல் எழுதினார்கள். அதற்குப் பிறகு பல வருடங்கள் எல்லோரும் அழுத்தத்தை மட்டுமே பார்த்தோம், அழுத்தத்தை எடுத்துவிட்டால் வலி போய்விட வேண்டும் என்றுதான் எதிர்பார்த்தோம். 1993-ல் ஸ்வீடனில் ஓல்மார்க்கர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்தவர்களும் பன்றிகளில் ஒரு சோதனை செய்தார்கள். டிஸ்க்கின், அதாவது ஜவ்வின், நடுவில் இருக்கும் கூழ் போன்ற பகுதியைக் கொஞ்சம் எடுத்து, எந்த அழுத்தமும் கொடுக்காமல், நரம்பின் மேல் சும்மா வைத்துவிட்டார்கள். அதற்கே நரம்பு பழுதாகி, அதன் வழியே செய்தி போகும் வேகம் குறைந்துபோனது. அந்தக் கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. டிஸ்க்கின் வெளி வளையத்துக்குள் அடைபட்டே கிடந்தது வெளியே வந்து நரம்பைத் தொட்டால், உடம்பு அதை வெளியாள் போல நினைத்து எதிர்க்கிறது. அந்தச் சண்டையில் வரும் ரசாயனங்களால் நரம்பு வீங்கிச் சிவந்து, சின்னத் தொடுதலுக்கும் கத்துகிறது.

ஆக உங்கள் கணவருக்கு இரண்டு பிரச்சினைகள் இருந்திருக்கின்றன. ஒன்று அழுத்தம், அதை டாக்டர் எடுத்துவிட்டார், விழித்தவுடனே கால் வலி போனதற்கு அதுதான் காரணம். இன்னொன்று நரம்பின் வீக்கம். அது கத்திக்கும் கருவிக்கும் அடங்காது, ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அது ஆறும்வரை ஒரு கை கொடுப்பதற்காகத்தான் ஸ்டீராய்டு.

பக்கவாட்டு ஓட்டை வழியாகச் செய்த எண்டோஸ்கோப்பி என்பதால் இன்னொரு விஷயமும் உண்டு. முள்ளெலும்புக்குப் பக்கத்தில் நரம்பு வெளியே வரும் சின்ன வாசல் வழியாக, ஏறக்குறைய பேனா பருமனுள்ள ஒரு குழாயை உள்ளே விடுவோம். அந்த வாசலிலேயே நரம்பு முடிச்சு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தொடு உணர்ச்சி, சூடு, வலி எல்லாச் செய்தியும் அதன் வழியாகத்தான் போகும். குழாய் அதை உரசாமல் போனாலும், பக்கத்தில் நடக்கிற வேலையிலேயே அது எரிச்சல் அடையலாம். அப்படி ஆனால் ஆபரேஷன் முடிந்த அன்று ஒன்றும் தெரியாது, நன்றாக நடமாடுவார், சில நாள் கழித்துத்தான் காலில் எரிச்சல் தொடங்கும். பேன் காற்று பட்டால் எரிகிறது, போர்வை பட்டால் எரிகிறது, பேன்ட் போட முடியவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. நீங்கள் எழுதிய 'வேட்டி உரசினாலே எரிகிறது' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. டிஸ்க் மறுபடியும் பிதுங்கினால் பெரும்பாலும் பழைய வலியேதான் திரும்பி வரும்: பிட்டத்திலிருந்து பாதம் வரை சுரீரென்று இழுக்கும், இருமினால் தும்மினால் மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும். தொட்டால் எரிவது அநேகமாக இந்த நரம்பு முடிச்சின் வேலை. பெரும்பாலானவர்களுக்கு வாரங்களில் தானாகவே அடங்கிவிடும், இதற்கென்றே நரம்பு வலி மாத்திரைகளும் இருக்கின்றன. டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

ஆனால் 'அநேகமாக' என்றுதான் சொன்னேன், கடிதத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. நரம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். டிஸ்க் ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது உண்டு. இன்னொன்று, இதைவிட நான் பயப்படுவது, கிருமித் தொற்று.

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில், டிஸ்க் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரத்தில் ஒருவர் இடுப்பு வலி என்று வந்தார். காய்ச்சல் இல்லை, தையல் காய்ந்து சுத்தமாக இருந்தது. வீக்கம்தான் என்று நினைத்து ஒரு வாரத்துக்கு ஸ்டீராய்டு எழுதினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. பத்தாவது நாள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கட்டிலில் புரள முடியவில்லை, கட்டில் காலில் யாராவது இடித்தாலே அலறினார். டிஸ்க் இருந்த இடத்தில் சீழ் பிடித்திருந்தது. நான் கொடுத்த ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் அமுக்கி வைத்துவிட்டது, உள்ளே கிருமிக்கு இன்னும் வசதியாகிப் போனது. வாரக்கணக்கில் ஊசி மருந்து போட்டுத்தான் அவரை மீட்டோம். அவர் நன்றாக இருக்கிறார், ஆனால் அந்தப் பத்து நாட்கள் அவரிடமிருந்து போனதற்கு நான்தான் காரணம். அன்றிலிருந்து, நல்லபடியாக இருந்தவருக்கு ஆபரேஷனுக்குப் பின் புதிதாக வலி வந்தால், காரணம் என்ன என்று பார்க்காமல் ஸ்டீராய்டு எழுதுவதே இல்லை.

அதனால்தான் மாத்திரை 'நன்றாகக் கேட்கிறது' என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குத் திருப்தி தரவில்லை. நரம்பு வீக்கமாக இருந்தாலும் கேட்கும், டிஸ்க் மறுபடி பிதுங்கியிருந்தாலும் கொஞ்சம் கேட்கும், சீழாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று நாள் கேட்கலாம். அதிலும் உங்கள் கணவருக்குச் சுகர் இருக்கிறது. இடுப்பு வலி, குறிப்பாக இரவில் புரளும்போது வருகிற வலி, கூடிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். உடம்பில் வீக்கமோ கிருமித் தொற்றோ இருந்தால் உயர்ந்து காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்று நாளை டாக்டரிடம் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று நாளில் அது உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கி, வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். 19-வது நாளில் உயர்ந்திருந்தால் ஏன் என்று தேட வேண்டும். கிருமி வந்தால் ரத்தத்தில் கூடுகிற வெள்ளை அணுக்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தாலேயே கூடும் என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருந்து விஷயத்தை டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஸ்டீராய்டே கூடாதா என்றால், இல்லை, முதல் ஐந்து நாள் உங்கள் டாக்டர் கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த ஆபரேஷன்களில் அது பல வகையில் பயன்படுகிறது. மயக்க மருந்து கொடுக்கும்போதே ரத்தக்குழாய் ஊசியில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை, பெரும்பாலும் 8 மில்லிகிராம் வரை போடுவார்கள். வலியும் குறையும், வாந்தியும் குறையும். சிலர் ஆபரேஷன் முடிவில் மெத்தில்பிரட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டை நரம்பின் மேலேயே விட்டு வருவார்கள். இப்படிச் செய்தவர்களுக்கு முதல் சில நாட்கள், சில வாரங்கள் வலி குறைவாக இருந்ததையும், கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பியதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதங்கள் கழித்துப் பார்த்தால் மருந்து விட்டவருக்கும் விடாதவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் நாட்களைத் தாண்ட உதவும், அவ்வளவுதான் அதனால் முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் குறிப்பைப் பாருங்கள், உள்ளே ஏதாவது விட்டிருந்தால் எழுதியிருப்பார்கள், அதுவும் மொத்தக் கணக்கில் சேரும்.

வாய்வழி மாத்திரை விஷயத்தில் நான் இன்னும் கொஞ்சம் கையிறுக்கம். ஆபரேஷன் செய்யாத, டிஸ்க் பிதுங்கிக் கால் வலியோடு இருந்த 269 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்து 2015-ல் வெளிவந்தது. பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 60, 40, 20 மில்லிகிராம் என்று குறைத்துக்கொண்டே 15 நாள் கொடுத்தார்கள். நடமாட்டம் ஓரளவு தேறியது, வலியில் மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் பெரிய பலன் தெரியவில்லை. பக்கவிளைவு ஏதாவது ஒன்று வந்தவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் ஏறக்குறையப் பாதி, மற்றவர்களில் கால்வாசி. தூக்கமின்மை, படபடப்பு, பசி கூடுவது எல்லாம் இதில் சேர்த்தி. ஆபரேஷன் ஆனவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான், ஆனாலும் மாத்திரையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு அளவு கிடைக்கிறது.

மாத்திரை அட்டையில் மெத்தில்பிரட்னிசலோன் 16 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் சின்ன எண் என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பு தினமும் தானே சுரக்கிற ஸ்டீராய்டை மாத்திரைக் கணக்கில் சொன்னால், சுமார் 4 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசலோன். அந்த ஒரு மாத்திரை, உடம்பின் நான்கு நாள் சுரப்புக்குச் சமம். மெடிக்கலில் பழைய சீட்டுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கிற பொருள் அல்ல இது. அந்தக் கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் கொடுத்திருப்பார். ஆனால் ஐந்து நாள் என்று எழுதிய சீட்டு ஐந்து நாளோடு முடிந்துவிட்டது.

சுகர் விஷயத்தில் ஒரு முக்கியமான குறிப்பு. காலையில் ஸ்டீராய்டு போட்டால் சுகர் ஏறுவது மத்தியானத்துக்கு மேல், சாயங்காலம் வரை. விடியற்காலை வெறும் வயிற்றில் பார்த்தால் 110, 120 என்று நல்லபடியாகவே காட்டும், பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவையும் குத்திப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தியபின்னும் இரண்டு மூன்று நாளைக்கு விடாமல் பார்த்து எழுதி வையுங்கள். 300-க்கு மேலேயே நின்றால், அல்லது தாகமும் சிறுநீரும் அதிகமானால், சுகர் டாக்டரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். உயர்ந்த சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சையில் நாம் எல்லோரும் பார்த்தோம். ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காப்பாற்றியதும் அதே டெக்சாமெத்தசோன்தான், தினம் 6 மில்லிகிராம், பத்து நாள் வரை. தேவையில்லாதவர்களுக்கும் அளவுக்கு மேலும் போனபோதுதான் வினையாயிற்று.

உங்கள் தம்பி சொன்னது முழுப் பொய் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டால் எலும்பு மெலியும், அது நிச்சயம். மூட்டு வலிக்கு என்று பெயர் தெரியாத பொடியையும் மாத்திரையையும் மாதக்கணக்கில் சாப்பிட்டு, முகம் உப்பி, கை கால் சூம்பி வருகிறவர்களைப் பார்த்துத்தான் ஊரில் இந்தப் பயம் வந்திருக்கிறது. அவற்றில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு நாளில் எலும்பு அரித்துப் போகாது. இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போவது என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் அதிக அளவில், அதிக நாள் எடுத்தவர்களுக்குத்தான் வருகிறது, குறைந்த நாள் எடுத்தவர்களுக்கும் அபூர்வமாக வந்ததுண்டு. வரும் மாதங்களில் தொடை இடுக்கில் புதிதாக வலி வந்து சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை என்றால், 'முன்பு ஸ்டீராய்டு சாப்பிட்டேன்' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை, இதை நீங்கள் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரை ஏதாவது இருந்து, அதையும் இந்த ஸ்டீராய்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாரா? இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும் ஆபத்து நன்றாகவே கூடும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரி. இப்போதைக்குத் தாங்க முடியாமல் இருந்தால் பாராசிட்டமால் போடலாம், ஈரல் பிரச்சினையோ மதுப்பழக்கமோ இல்லையென்றால். எரிச்சலுக்கான நரம்பு மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். அது முதல் சில நாள் தலைசுற்றலும் தூக்கமும் கொடுக்கும், இரவில் பாத்ரூம் போகும்போது நீங்கள் கூடவே போங்கள், விழுந்துவிடக் கூடாது.

சோதித்துப் பார்த்து, மறுபடி பிதுங்கவில்லை, கிருமி இல்லை, நரம்பு எரிச்சல்தான் என்று உறுதியாகி, மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால், எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே அந்த நரம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று உங்கள் டாக்டர் சொல்லலாம். நல்ல வழிதான், பயப்பட வேண்டாம். மருந்து தேவையான இடத்திலேயே விழுகிறது, தினமும் மாத்திரை சாப்பிடுவதைவிட உடம்பு முழுவதற்கும் போகும் அளவு குறைவு. ஆனால் என்ன மருந்து என்று கேளுங்கள். துகள் கலந்த ஸ்டீராய்டு ரத்தக்குழாய்க்குள் தவறிப் போனால் தண்டுவடத்துக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடக்கூடும். மிக அபூர்வம்தான், ஆனாலும் இந்த வகை ஊசிகளால் வரும் நரம்புப் பாதிப்பைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-ல் எச்சரிக்கையே வெளியிட்டது. அதனால் அந்த வாசலில் போடும்போது துகள் இல்லாத டெக்சாமெத்தசோனைத்தான் நான் எடுக்கிறேன். ஊசி போட்டாலும் சில நாள், ஒரு வாரம் வரைகூட, சுகர் ஏறும். சுகர் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்றிக்கொண்டு போனால் நல்லது.

கடைக்கு எப்போது போகலாம் என்று அவர் நச்சரித்துக்கொண்டிருப்பார், மளிகைக்கடைக்காரர்களை எனக்குத் தெரியும். ஸ்டீராய்டு போட்ட தெம்பில் வலி தெரியாமல் அரிசி மூட்டையில் கை வைத்துவிடுவார்கள், மறுபடி பிதுங்க அது ஒன்றே போதும். குனிந்து எடுப்பது, தூக்குவது, ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் உட்காருவது எதுவும் டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வேண்டாம். வீட்டுக்குள்ளும் தெருவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும்.

நாளைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எம்.ஆர்.ஐ. படம், சுகர் எழுதிய தாள், அப்புறம் மெடிக்கலில் வாங்கிய அந்த மாத்திரை அட்டை, நான்கையும் பையில் எடுத்துப் போங்கள். அட்டையில் எத்தனை மாத்திரை காலியாகியிருக்கிறது என்று டாக்டரே எண்ணிப் பார்க்கட்டும்.